வீரம்மா போட்ட செருப்பு

போன மாதம் இரண்டு இளம் ஆசிரியைகள் என்னைப் பார்க்க வந்தார்கள். அருப்புக்கோட்டையில் புதிதாக வந்திருக்கும் ஓர் இங்கிலீஷ் பள்ளிக்கூடத்தில் வேலை பார்க்கிறவர்கள். பள்ளி மலருக்கு அந்தக் காலத்துப் பள்ளிக்கூடத்தைப் பற்றி எதையாவது எழுதித் தரச் சொல்லிக் கேட்டார்கள். காபியைக் குடித்துக்கொண்டே அன்று காலையில் நடந்த ஒன்றையும் சொன்னார்கள். கறுப்பு ஷூ போடாமல் ரப்பர் செருப்போடு வந்த பிள்ளைகளை வாட்ச்மேன் கேட்டுக்கு வெளியிலேயே நிறுத்திவிட்டாராம். பிள்ளைகள் பத்தரை மணி வரைக்கும் வெயிலில் நின்றுவிட்டு வீட்டுக்குப் போனார்களாம்.

"ஒழுங்குன்னு ஒண்ணு வேணும்ல டீச்சர்?" என்று ஒருத்தி சிரித்தாள்.

எனக்குச் சிரிப்பு வரவில்லை. முப்பத்தாறு வருஷம் டீச்சர் வேலை பார்த்தவள் நான். பிள்ளைகளின் காலைக் காட்டி யாராவது ஒழுங்கு என்ற வார்த்தையைச் சொன்னால் இந்த வயசிலும் எனக்கு உடம்பு எரிகிறது. மலரில் போடுகிற மாதிரி இனிமையாக எழுத என்னிடம் ஒன்றும் இல்லை. இதைத்தான் எழுத முடியும். போடுவதும் போடாததும் அவர்கள் பாடு.

எங்கள் வீடு அருப்புக்கோட்டையில் தறிக்கார வீடு. வீட்டுக்குள் தெலுங்கு, வாசலைத் தாண்டினால் தமிழ். உலகச் சண்டைக் காலத்தில் நூல் கிடைக்காமல் தறிகள் நின்றபோது அப்பா என்னை மதுரைக்கு ஆசிரியைப் பயிற்சிக்கு அனுப்பினார். இரண்டு வருஷம். அங்கே சொல்லிக்கொடுத்ததில் பாதி, பிள்ளைகளின் சுத்தத்தைப் பற்றித்தான். சண்டை முடிந்த மறு வருஷம் திருச்சுழி போகிற வழியில் ஒரு கிராமத்து ஜில்லா போர்டு பள்ளிக்கூடத்தில் வேலை கிடைத்தது. ஊர்ப் பெயர் வேண்டாம். சம்பந்தப்பட்டவர்களின் பேரன் பேத்திகள் இருக்கிறார்கள்.

வேலையில் சேர்வதற்கு முந்தின நாள்தான் என் வாழ்க்கையில் முதன்முதலாகச் செருப்பு வாங்கினேன். அதுவரை நானும் வெறுங்கால்தான். பெட்ரோல் இல்லாத அந்த நாளில் அடுப்புக்கரியை எரித்து ஓட்டிய கரிவாயு பஸ்ஸில் போய் இறங்கி, அந்தச் செருப்போடு ஊர்த் தெருவின் நட்ட நடுவே நடந்து பள்ளிக்கூடம் போனேன். யாரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை. கேட்கவில்லை என்பதையே நான் கவனிக்கவில்லை.

பள்ளிக்கூடத்தில் தலைமையாசிரியரும் நானும் இரண்டே பேர். அவரைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். குரலை உயர்த்த மாட்டார். பிரம்பைத் தொட மாட்டார். ஒன்றாம் வகுப்புப் பிள்ளையைக்கூட 'வாங்க, போங்க' என்றுதான் கூப்பிடுவார். யாரையாவது தண்டிக்க வேண்டுமானால், "உங்களைக் கொஞ்சம் வெளியே நிக்கச் சொல்றேன், கோவிச்சுக்காதீங்க" என்பார். அந்தப் பிள்ளை எந்தப் பக்கம் அழுவது என்று தெரியாமல் விழிக்கும். சாயங்காலம் நாலு மணிக்கு எல்லா நோட்டுகளையும் வரிசையாக வைத்துக்கொண்டு, சிவப்பு மையில் பக்கத்துக்குப் பக்கம் கையெழுத்துப் போடுவார். எழுதினதை யாரும் சுரண்டக் கூடாது. கோடு போட்டு அடித்தால், அடித்தவர் பக்கத்திலேயே கையெழுத்துப் போட வேண்டும். அது அவர் வைத்திருந்த சட்டம்.

அந்த நோட்டுகளில் ஒன்று சுத்தப் பரிசோதனை நோட்டு. முழுப் பள்ளிக்கும் அது என் பொறுப்பு. காலை மணி அடித்ததும் பிள்ளைகள் சுற்றுச்சுவருக்கு உள்ளே, வளவில் வரிசையாக நிற்பார்கள். கையை நீட்டச் சொல்லி நகத்தைப் பார்க்க வேண்டும். ஈ என்று இளிக்கச் சொல்லிப் பல்லைப் பார்க்க வேண்டும். பிறகு தலை, உடுப்பு, கால். ஒவ்வொன்றுக்கும் ஒரு கட்டம். சுத்தம் என்றால் 'சு', அசுத்தம் என்றால் 'அ'. கடைசியில் குறிப்பு எழுத அகலமாக ஒரு கட்டம். தொடர்ந்து மூன்று நாள் 'அ' வாங்கினால் முதல் மணி முடியும்வரை வெளியே நிற்க வேண்டும்.

வெளியே நின்றவர்கள் அநேகமாகக் கிழக்கே, ஊருக்கு வெளியே இருந்த குடியிருப்புப் பிள்ளைகள்தான். ஒரு பத்துப் பேர் வருவார்கள். சட்டை கசங்கியிருக்கும், பொத்தான் மாறிப் போட்டிருக்கும், முதுகெல்லாம் தூசும் தும்புமாக இருக்கும். நானும் முதல் மாதம் முழுக்க அவர்களுக்கு 'அ' போட்டுத் தள்ளினேன். பயிற்சியில் சொல்லிக்கொடுத்ததை ஒழுங்காகச் செய்கிறோம் என்ற நினைப்பு.

அந்தப் பத்துப் பேரில் ஒருத்தி வீரம்மா. மூன்றாம் வகுப்பு, வயது பத்து இருக்கும். ஒரு நாள்கூட வராமல் இருக்க மாட்டாள். வாய் ஓயாது. ஒரு நாள் அவளை நிறுத்தி, "ஏம்மா, தினமும் சட்டை இப்படிக் கசங்கியிருக்கு?" என்று கேட்டேன்.

"சுருட்டி ஓலைப்பெட்டிக்குள்ள வச்சுல்ல கொண்டாரோம் டீச்சரம்மா. தெருவத் தாண்டுனதும் பருத்திமார் படப்புக்குப் பின்னால நின்னு போட்டுக்கிருவோம்."

"வீட்டிலேயே போட்டுக்கிட்டு வந்தா என்ன?"

என்னைப் பார்த்து அவளுக்கே பரிதாபமாக இருந்தது போல. "அடிப்பாகள்ல?" என்றாள்.

அப்புறம்தான் விசாரித்தேன். கிழக்குக் குடியிருப்பு ஆட்கள் ஊர்த் தெருவில் நடக்கும்போது மேலே சட்டை இருக்கக் கூடாது, காலில் செருப்பு இருக்கக் கூடாது. பள்ளிக்கூடத்துக்கு வர அந்தத் தெருவை விட்டால் வழி கிடையாது. ஆகவே பையன்கள் வெற்றுடம்போடும், பெண்பிள்ளைகள் ஒரு பழந்துணியைச் சுற்றிக்கொண்டும் தெருவைக் கடந்து, காய்ந்த பருத்திச் செடிகளை அடுக்கியிருந்த படப்பு மறைவில் அவசர அவசரமாகச் சட்டையை மாட்டிக்கொண்டு ஓடி வந்தார்கள். தெருவில் சட்டை போட்டால் ஊர் அடித்தது. போடாமல் வந்தால் பள்ளிக்கூடம் வெளியே நிறுத்தியது. இரண்டுக்கும் நடுவில் படப்புக்குப் பின்னால் மாட்டியது கசங்கியிருக்கிறது என்று நான் 'அ' போட்டேன்.

தலைமையாசிரியரிடம் போய்ச் சொன்னேன். அவர் பேனாவை மூடி வைத்துவிட்டு மெதுவாகச் சொன்னார்.

"வழக்கம் அம்மா. நான் இந்த ஊருக்கு வர்றதுக்கு முந்தியே உள்ளது. நம்ம வேலை வளவுக்கு உள்ள."

"அப்போ உடுப்புக் கட்டத்தையாவது அவங்களுக்கு விட்டுடலாமே சார்?"

"அது எப்படி? எல்லாப் பிள்ளைக்கும் ஒரே சட்டம்தானே?"

ஒரே சட்டம் என்றாரே, அந்த வார்த்தையை நான் இன்னும் செரிக்கவில்லை.

மாசி கடைசியில் வீரம்மா காலை இழுத்து இழுத்து நடந்தாள். உடை மரத்து முள் ஏறி உள்ளேயே ஒடிந்துவிட்டது. சுண்டுவிரலுக்குப் பக்கத்தில் வீங்கி, சீழ் பிடித்திருந்தது. மேலே ஏதோ இலையை அரைத்துக் கட்டியிருந்தார்கள். கரிசல் தூசி அதில் அப்பி, பார்க்கவே சகிக்கவில்லை. கால் கட்டத்தில் 'அ' போட்டேன். என் கையால்தான் போட்டேன்.

அவளுடைய அப்பா நாகன் தோல் வேலை செய்கிறவர். கிணற்றில் மாடு கட்டி இறைக்கிற கமலைக்குத் தோலால் சால் தைப்பார். ஊரில் இருந்த ஆம்பளைகள் எல்லாருக்கும் செருப்புத் தைத்ததும் அவர்தான். என் செருப்பு வாரும் அறுந்திருந்தது. சாயங்காலம் அதைக் கொண்டுபோனேன்.

"ஊருக்கே செருப்புத் தைக்கிறீங்க. பெத்த மகளுக்கு ஒரு சோடி தைச்சுக் கொடுக்கக் கூடாதா? புண்ணோட தினமும் சுடுமண்ணில் நடக்கிறாளே" என்று கேட்டேன். கண்டிக்கிற தொனியில்தான் கேட்டேன்.

நாகன் ஊசியை நிறுத்தவில்லை. "தைக்கிறது ஒரு பொழுது வேலை தாயி. எந்த வழியாப் போட்டுக்கிட்டு வாரது?"

"பள்ளிக்கூட வளவுக்குள்ள போடட்டும். அதை யாரு கேட்பா? நான் சொல்றேன், போடச் சொல்லுங்க."

நான் சொல்றேன் என்று சொன்னேன். தெருவில் தினமும் நான் போட்டு நடக்கிற செருப்பை அவர் தைத்துக் கையில் கொடுத்தார். வாங்கி மாட்டிக்கொண்டு வந்துவிட்டேன்.

மூன்றாம் நாள் வீரம்மா ஓலைப்பெட்டியிலிருந்து ஒரு சின்னச் சோடியை எடுத்து, வளவு வாசலுக்கு உள்ளே வந்து போட்டுக்கொண்டாள். புண் படாமல் வாரை ஒரு பக்கம் ஒதுக்கித் தைத்திருந்தார் நாகன். பிள்ளைகள் சுற்றி நின்று பார்த்தார்கள். தலைமையாசிரியரும் பார்த்தார். ஒன்றும் சொல்லவில்லை. நான்கு நாள் அப்படியே போயிற்று.

கிழக்குப் பிள்ளைகளுக்குக் குடிதண்ணீர்ப் பானை தனி. அது சுவருக்கு வெளியே, தெருவோரத்தில் இருந்தது. ஐந்தாம் நாள் மத்தியானம் வீரம்மா தண்ணீர் குடிக்கப் போனாள். அனலாகக் கொதித்த மண். செருப்பைக் கழற்ற அவளுக்குத் தோன்றவில்லை. வாசலிலிருந்து பானைக்கு நான்கு எட்டுத் தூரம் இருக்கும். அந்த நேரம் பார்த்து ஊர் நாட்டாமை வில்வண்டியில் வந்தார். வண்டி நின்றது. ஒரு பார்வை பார்த்துவிட்டுப் போய்விட்டார். சாயங்காலம் பள்ளிக்கூடத்துக்கு வந்து தலைமையாசிரியரோடு அரை மணி நேரம் பேசிக்கொண்டிருந்தார். என்னை வீட்டுக்குப் போகச் சொல்லிவிட்டார்கள்.

மறுநாள் காலை நான் பரிசோதனை நோட்டோடு வரிசையில் நின்றுகொண்டிருந்தேன். தலைமையாசிரியர் இறங்கி வந்தார்.

"வீரம்மா, இப்படி முன்னால வாங்க. அந்தச் செருப்பைக் கழட்டுங்க. கையில எடுங்க." எடுத்தாள். "தலையில வச்சுக்கங்க. விழாமப் பிடிச்சுக்கங்க. ஊர்த் தெரு வழியா நடந்து போயி வீட்டுல வச்சுட்டு வாங்க. இனிமே கொண்டாராதீங்க. கோவிச்சுக்காதீங்க, என்ன?"

வீரம்மா செருப்பைத் தலையில் வைத்து இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள். பிறகு என்னைப் பார்த்தாள். அவர்கள் வீட்டிலும் தெலுங்குதான். வாய்க்குள்ளேயே தெலுங்கில் சொன்னாள்: "மீரே செப்திரி கதா."

நீங்கதானே சொன்னீங்க.

"என்ன சொல்லுது?" என்று தலைமையாசிரியர் என்னைக் கேட்டார்.

"ஒண்ணுமில்லை சார்" என்றேன்.

அவள் நொண்டிக்கொண்டே வாசலைத் தாண்டிப் போனாள். தெருவில் யாரோ கெக்கலி கொட்டுகிற சத்தம் வந்தது. டீச்சர்தான் போடச் சொன்னார் என்று அவள் தமிழில் ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் பழி என் தலைக்கு வந்திருக்கும். அவள் தப்பித்திருக்கலாம். எனக்கு மட்டும் புரிகிற பாஷையில் சொன்னாள். பத்து வயசுப் பிள்ளை என்னைக் காப்பாற்றினாள். பயிற்சி முடித்து, சம்பளம் வாங்கி, காலில் செருப்போடு நின்ற நான் அவளைக் காப்பாற்றவில்லை. தலைமையாசிரியர் மேல் எனக்கு எவ்வளவு ஆத்திரமோ அதில் பாதி என்மேலும் உண்டு. அது இன்னும் ஆறவில்லை.

அன்றைக்கு அவள் திரும்பி வரவில்லை. நோட்டில் அவள் வரியை நிரப்ப வேண்டியிருந்தது. நகம் சு, பல் சு, தலை சு. குறிப்புக் கட்டத்தில் மையைத் தொட்டுத் தொட்டு எழுதினேன்: 'காலில் முள் புண். புண்ணுக்காகச் செருப்பு அணியும்படி நான் சொன்னேன். அணிந்தாள். தலைமையாசிரியர் உத்தரவுப்படி அந்தச் செருப்பைத் தலையில் வைத்து ஊர்த் தெரு வழியாக வீட்டுக்கு அனுப்பப்பட்டாள்.' கீழே என் கையெழுத்தைப் போட்டேன்.

நாலு மணிக்கு அதைப் படித்தார். நீண்ட நேரம் படித்தார்.

"இதை அடிச்சிடுங்க அம்மா."

"பொய்யா இருந்தா நீங்களே அடிச்சு, பக்கத்துல கையெழுத்துப் போட்டுடுங்க சார்" என்றேன்.

அவர் சிவப்புப் பேனாவை எடுத்தார், வைத்தார், மறுபடியும் எடுத்தார். அடித்தால் அவர் கையெழுத்து அங்கே நிற்கும். அடிக்காமல் மூடி வைத்துவிட்டார்.

பள்ளிக்கூடம் விட்டதும் கிழக்கே போனேன். வீரம்மாவுக்குக் காய்ச்சல் நெருப்பாகச் சுட்டது. கெண்டைக்கால் வரைக்கும் வீங்கியிருந்தது. மறுநாள் லீவு எழுதிக் கொடுத்துவிட்டு, நாகனும் நானும் அவளைத் தூக்கிக்கொண்டு பஸ்ஸில் அருப்புக்கோட்டை ஆஸ்பத்திரிக்குப் போனோம். டாக்டர் புண்ணைப் பார்த்துவிட்டு, "இத்தனை நாள் என்ன செஞ்சிக்கிட்டு இருந்தீங்க?" என்று என்னைத்தான் கேட்டார். சுண்டுவிரலை எடுக்க வேண்டியதாகிவிட்டது.

இந்தச் சமயத்தில் நாகன் ஒரு காரியம் செய்தார். மகளை ஆஸ்பத்திரியில் அவள் அம்மாவோடு விட்டுவிட்டு ஊருக்குப் போனவர், ஊசியைத் தொடவில்லை. பங்குனி வெயில். தோட்டங்களில் மிளகாயும் கத்தரியும் கமலைத் தண்ணீரை நம்பி நிற்கிற காலம். நாட்டாமையின் சால் கிழிந்தது. ஆள் வந்து கூப்பிட்டான். "கை வரலைன்னு சொல்லு" என்றார் நாகன். இன்னொரு சால் கிழிந்தது. அதற்கும் அதே பதில். பக்கத்து ஊர்களில் தோல் வேலை செய்தவர்கள் எல்லாம் அவருக்குச் சொந்தம். கூப்பிட்டபோது அவர்களுக்கும் கை வரவில்லை. கடைசியில் நாட்டாமையே கிழக்கே வந்தார். நான் அங்கே இல்லை. இருந்தவர்கள் சொன்னது இது.

"என்னடா, கொழுப்பா?"

"இல்ல சாமி. எம் மகளுக்குச் செருப்புத் தச்ச கை. அதுக்கப்புறம் வேற எதுக்கும் வரமாட்டேங்குது."

மறுநாள் பட்டப்பகலில் ஆட்கள் வந்து தோல் ஊறுகிற தொட்டியை உடைத்தார்கள். ஊசி, உளி, கட்டை எல்லாவற்றையும் கிணற்றில் போட்டார்கள். நாகன் குடும்பம் அருப்புக்கோட்டைக்கு வந்துவிட்டது. கேட்க ஆள் இல்லை.

ஆள் வந்தார், அதையும் சொல்லிவிடுகிறேன். கோடை விடுமுறைக்கு ஒரு வாரம் முன்பு பள்ளிக்கூடங்களைப் பார்வையிடுகிற டிப்டி இன்ஸ்பெக்டர் வந்தார். குளோஸ் கோட்டு, தலைப்பாகை. கிழக்குப் பிள்ளைகளை அன்றைக்கு மட்டும் வீட்டில் இருக்கச் சொல்லிவிட்டார் தலைமையாசிரியர். இன்ஸ்பெக்டர் நோட்டுகளைப் புரட்டிக்கொண்டே வந்தவர், அந்தப் பக்கத்தில் நின்றார்.

"யார் எழுதினது?"

"நான்தான் சார்."

"உண்மையா?" என்று தலைமையாசிரியரைக் கேட்டார்.

"உண்மைதாங்கய்யா. ஊர் வழக்கத்தை அனுசரிச்சுப் போக வேண்டியிருக்கு."

உண்மை என்று அவரே ஒப்புக்கொண்டாரே, இனி என்ன வேண்டும் என்று நினைத்தேன். அந்த வயசில் அப்படி நினைக்க முடிந்தது. இன்ஸ்பெக்டர் பேனாவைத் திறந்து, என் குறிப்புக்குக் கீழேயே எழுதினார்: 'சுத்தப் பரிசோதனைக்குச் சம்பந்தமில்லாத செய்திகளை இந்த நோட்டில் எழுதக் கூடாது.' தேதி போட்டார். மோர் குடித்தார். போய்விட்டார்.

விடுமுறையில் எனக்கு மாற்றல் உத்தரவு வந்தது. பந்தல்குடிக்கு அப்பால் ஒரு ஓராசிரியர் பள்ளிக்கூடம். தலைமையாசிரியர் அதே ஊரில் ஓய்வு பெறும்வரை இருந்தார். கடைசி நாளில் அவருக்கு மாலை போட்டு வண்டியில் ஊர்வலம் விட்டார்கள் என்று கேள்விப்பட்டேன்.

ஆனி மாதம், நான் புது வேலைக்குக் கிளம்புவதற்கு முந்தின நாள், நாகன் எங்கள் தறி வீட்டைத் தேடிக்கொண்டு வந்தார். பக்கத்தில் வீரம்மா. இவளை டவுனில் பெண்பிள்ளைகள் பள்ளிக்கூடத்தில் நாலாம் வகுப்பில் சேர்க்க வேண்டும் என்றார். பழைய பள்ளிக்கூடத்துக்குப் போய்ச் சான்றிதழ் வாங்கி வந்திருந்தார். அதை வாங்க அந்த ஊர்த் தெருவில் மறுபடியும் எப்படி நடந்தார் என்று நான் கேட்கவில்லை.

"எல்லாம் சரியா இருக்கான்னு பாருங்க தாயி. எனக்கு எழுத்து தெரியாது."

வாங்கிப் பார்த்தேன். முத்து முத்தான கையெழுத்து. பெயர், தகப்பனார் பெயர், வகுப்பு எல்லாம் பிழையில்லாமல் இருந்தது. நடத்தை என்ற இடத்தில், 'திருப்தியில்லை. பள்ளியின் ஒழுங்குக்குக் கட்டுப்படாதவள்' என்று இருந்தது. பத்து வயசுப் பிள்ளைக்கு. ஒரு விரலை இழந்த பிள்ளைக்கு. அந்தக் காகிதத்தைக் கிழித்துப் போட்டிருப்பேன். அது இல்லாமல் அவளை எங்கேயும் சேர்க்க மாட்டார்கள்.

மறைக்காமல் படித்துக் காட்டினேன். மூன்று பேருமாகப் பெண்பிள்ளைகள் பள்ளிக்கூடத்துக்கு நடந்தோம்.

தலைமையாசிரியை தடித்த கண்ணாடி போட்ட வயசான அம்மா. கண்டிப்பானவர் என்று ஊரெல்லாம் பெயர். சான்றிதழைப் படித்துவிட்டு நிமிர்ந்தார். நான் முந்திக்கொண்டு பேச ஆரம்பித்தேன். எல்லாவற்றையும் சொல்லிவிடுவது என்று வழியெல்லாம் சேர்த்து வைத்துக்கொண்டு வந்திருந்தேன். அவர் கையைக் காட்டி நிறுத்தினார்.

"நீங்க இருங்க. அவ சொல்லட்டும்." வீரம்மாவைப் பார்த்தார். "என்னம்மா செஞ்சே?"

"செருப்பு போட்டேன்."

"அப்புறம்?"

"அம்புட்டுத்தான்."

அந்த அம்மா கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டு சான்றிதழை இன்னொரு தடவை படித்தார். எட்டி அவள் காலைப் பார்த்தார். பிறகு சேர்க்கை ரிஜிஸ்டரை இழுத்துப் பெயரை எழுதினார்.

"நாலாம் வகுப்பு மூலையில இருக்கு. மணி அடிச்சாச்சு, போ."

வீரம்மா செருப்பைக் கழற்றிக் கையில் எடுக்கக் குனிந்தாள்.

"எதுக்குக் கழட்டுறே? போட்டுக்கிட்டே போ" என்றார் அந்த அம்மா, எழுதுவதை நிறுத்தாமல்.

அவள் போன பிறகு நாங்கள் வெளியே வந்தோம். வாசலில் நின்று நாகன் கேட்டார், "அந்தக் காயிதத்துல எழுதியிருக்கிறத அழிச்சுருவாகளா தாயி?"

"முடியாது. அது இனி அவளோடதான் இருக்கும். அடுத்த பள்ளிக்கூடத்துக்குப் போனாலும் வரும்" என்றேன்.

நாகன் தலைத்துண்டை எடுத்துத் தோளில் போட்டுக்கொண்டார்.

"இருக்கட்டும் தாயி. எம் மக செருப்பு போட்டான்னுதான எழுதியிருக்கு. இருந்துட்டுப் போகட்டும்."